கம்பெனி பஸ்ஸில் நான் சொன்ன பொய்

கண்ணு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நன்றாக இருப்பதுதான் இப்போது எனக்குப் பயம். இருமல் நின்றுவிட்டது. சாயங்காலக் காய்ச்சல் இல்லை. இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்த பேன்ட் மறுபடி சரியாக நிற்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை, போன திங்கட்கிழமை சென்னைக்குப் பஸ் ஏறும்போது புது மாப்பிள்ளை மாதிரி இருந்தாய். வெளிநாட்டு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை, விசா, போவதற்கு முன்னால் பத்து நாள் பயிற்சி என்று வாயெல்லாம் சிரிப்பு. நீ போன மூன்றாம் நாள், உன் பாப்பாவின் பழைய செருப்பைத் தேடிப் பரணில் கை விட்டேன். சாம்பிள் ஷூ என்று நீ வைத்திருந்த டப்பா கையில் வந்தது. திறந்தால், கறுப்பு ஷூவுக்குள் மாத்திரை அட்டைகளை மடித்துத் திணித்திருந்தாய். பதினொரு நாள் மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அது போக, சென்னைக்கு என்று உன் பொண்டாட்டி தனியாக எடுத்து வைத்தாளே, அந்த அட்டையும் அதற்குள்தான் இருந்தது.

அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னையும் போனில் கேட்கவில்லை. கேட்டால், "நல்லாத்தானேம்மா இருக்கேன்? பெட்டியில இந்த மாத்திரைய பாத்தா கம்பெனிக்காரன் ஃபிளைட் ஏத்துவானா?" என்பாய். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் இருபது வருஷமாக நான் மூடி வைத்த ஒரு விஷயத்தைத் திறக்காமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து உனக்குத் தெரியும், கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துப் படி.

முதலில், உனக்கு ரிசல்ட் வந்த நாளைச் சொல்கிறேன். சளியைக் கொடுத்துவிட்டு நாம் இரண்டு பேரும் சுகாதார நிலையத்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டர் தாளோடு வந்து, "டிபி இருக்குதுப்பா. ஆனா பயப்படாத, மாத்திரைக்குக் கேக்கற கிருமிதான். ஆறு மாசம் ஒழுங்கா சாப்ட்டா போயிடும்" என்றார். நான் அவருக்குக் கை கூப்பினேன். அப்புறம் அழுதேன். அழும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நீ என்னை முறைத்தாய். "இன்னாம்மா, எனக்கு டிபின்றாங்க, நீ லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிற?" என்றாய். நான் நேரே போய், பஸ் ஸ்டாண்ட் கடையில் ஜிலேபி வாங்கி வந்து சிஸ்டர் கையில் கொடுத்தேன். மகனுக்கு டிபி என்று ஜிலேபி கொடுத்த முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

நான் ஏன் சிரித்தேன் தெரியுமா? டிபியில் இரண்டு ரகம் உண்டு, கண்ணு. ஒன்று மாத்திரைக்குக் கேட்கும். இன்னொன்று கேட்காது. கேட்காத ரகம் ஒரு காலத்தில் என் உடம்பில் இருந்தது. நீ இருமத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான்: என்னிடமிருந்த அது நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன்னிடம் வந்து, இத்தனை வருஷம் உனக்குள் தூங்கி, இப்போது எழுந்துவிட்டதோ என்று. சிஸ்டர் தாளோடு நடந்து வந்த அந்தப் பத்தடி தூரத்துக்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. உன்னுடையது வேறு கிருமி, சாதாக் கிருமி, சொன்ன பேச்சு கேட்கிற கிருமி என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த நல்ல கிருமியைத்தான் நீ இப்போது ஷூ டப்பாவில் வைத்துக் கெடுக்கப் பார்க்கிறாய்.

எனக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. நான் ஷூ கம்பெனியில் பசை தடவுகிற பேஸ்டிங் மேஜையில் இருந்தேன். மாதனூர் கூட்ரோட்டில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். சளியில் இரத்தம் பார்த்ததும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேலூருக்குப் போய் ஒரு தனி டாக்டரைப் பார்த்தேன். இங்கே போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வெறும் வயிற்றில் விடியற்காலை போட வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றார். போட்டேன். போட்டு ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டும். அது சரியாக நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நேரம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நாலாம் நாள் பக்கத்தில் உட்காருகிற பிலோமினா என் தோளை இடித்தாள்.

"இன்னாடி, எத்தினி நாள் தள்ளிப் போயிருக்கு?"

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "பெரியவனுக்கு எட்டு வயசு ஆவுது, இப்பதான் ஞாபகம் வந்துச்சா புருஷனுக்கு?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. "கமுக்கமா இருக்கா பாரு" என்றாள் இன்னொருத்தி.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் தலையைக் குனிந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் பொய். டிபி என்று தெரிந்தால் பக்கத்தில் ஒருத்தி உட்கார மாட்டாள், என் கை பட்ட சோத்து டப்பாவை யாரும் தொடமாட்டார்கள், சூப்பர்வைசர் காதுக்குப் போனால் வேலை இருக்காது. முழுகாமல் இருக்கிறாள் என்றால் எல்லாரும் தாங்குவார்கள். தாங்கினார்கள், கண்ணு. மறுநாளே ஜன்னல் சீட்டு எனக்கு என்று ஆனது. பிலோமினா மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொண்டுவருவாள். பசை நாற்றம் ஆகாது என்று என்னை பேஸ்டிங்கிலிருந்து நூல் வெட்டுகிற மேஜைக்கு மாற்றினார்கள். டிரைவர் அண்ணன் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மெதுவா போறேம்மா" என்று சொல்லிவிட்டு ஏற்றுவார். என் கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி மரியாதை நடந்ததில்லை.

இரண்டு மாதம் போனது. இருமல் போனது. கன்னம் ஒட்டியிருந்தது நிரம்பியது. மூன்றாம் மாதம் நடுவில் பிலோமினா என் வயிற்றைப் பார்த்து, "இன்னாடி, ஒண்ணும் தெரியலயே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிறு பெரிதாக வேண்டும். ஐந்தாம் மாதம் பஸ்ஸிலேயே வளையல் போடலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்வேன்? கலைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து வாந்தி வரக்கூடாது. வாந்தி வரக்கூடாது என்றால் மாத்திரை போடக்கூடாது. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று என் மனசும் கூடவே ஒத்து ஊதியது. நிறுத்திவிட்டேன். உன் அப்பாவிடம், போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டதாகச் சொன்னேன். பஸ்ஸில், "தங்கல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். அன்றைக்கு ஆம்பூர் வருகிறவரை பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் முழுக்க முட்டையும் கருவாட்டுக் குழம்பும் பூண்டு லேகியமும் என் மடியில் வந்து விழுந்தன. அத்தனையும் தின்றேன்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து எட்டாவது மாதம் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை வேறு வழியில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்பு போட்ட மாத்திரையையே கொடுத்தார்கள். கேட்கவில்லை. சளியை எங்கேயோ அனுப்பி, எந்த மருந்துக்கு இது சாகும் என்று வளர்த்துப் பார்த்தார்கள். அதற்கு அப்போதெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நடுவுல நிறுத்தினீங்களா?" என்று கேட்டார். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த அளவுக்கு நினைவிருக்காது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உடம்பில் இருக்கிற கிருமி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஏராளமான கிருமிக்கு நடுவில் கொஞ்சம் முரட்டுக் கிருமியும் இருக்கும். மாத்திரை உள்ளே போனதும் சோணிக் கிருமியெல்லாம் முதலில் சாகும். கூட்டம் குறைந்தவுடன் நமக்குக் காய்ச்சல் நின்றுவிடும், பசிக்கும், எடை ஏறும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். அந்த நேரத்தில் உள்ளே மிச்சம் இருப்பது முரட்டுக் கிருமிதான். அதை அடிக்கத்தான் பின்பாதி மாத்திரை. அப்போது நிறுத்தினால் முரடு மட்டும் பிழைத்து, முரட்டுக் குட்டியாகப் போட்டு வீட்டை நிரப்பும். பிறகு அதே மாத்திரையைக் கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்திச் சிரிக்கும்.

உன் அப்பா தோல் பதனிடுகிற டேனரிக்காரர் இல்லையா, வெளியே வந்ததும் சொன்னார்: "சுண்ணாம்புலேர்ந்து ரெண்டு நாள் முன்னாடியே எடுத்த தோலு மாதிரிதான். மேல பாத்தா மயிர் போயிருக்கும், உள்ள வேர் நிக்கும்." பாதி சரி. ஆனால் தோலில் நின்ற வேர் எதையும் கற்றுக்கொள்ளாது. மறுபடி சுண்ணாம்பில் போட்டால் போய்விடும். இது அப்படி இல்லை. என் கிருமிக்கு என் மருந்தைப் பழக்கிவிட்டது நான்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் உனக்குத் தெரிந்தது ஒன்று, நடந்தது வேறு. அம்மாவைக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லி, உன்னைப் பேரணாம்பட்டில் பெரியம்மா வீட்டில் விட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாய். ஹாஸ்டல் எதுவும் இல்லை, கண்ணு. நான் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலும் மிச்ச நாள் நம் வீட்டிலேயும்தான் இருந்தேன். என் மூச்சு உன் மேல் படக்கூடாது என்றுதான் உன்னை அனுப்பினோம். ஒரு தரம் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியாமல் பஸ் ஏறி வந்து, பெரியம்மா தெருவுக்கு எதிர்ப்பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீ பார்த்துவிட்டாய். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். நான், "கிட்ட வராத, போடா உள்ள!" என்று கத்தினேன். நீ அப்படியே நடுத்தெருவில் நின்றாய். இன்றைக்கும் நமக்குள் சண்டை என்றால், "ஒம்போது வயசுல என்னைத் தள்ளிவுட்டவதானே நீ" என்கிறாயே, அப்போதெல்லாம் அந்தத் தெரு என் கண்ணில் வரும். சொல்லியிருக்கலாம். பொய்க்கு மேல் பொய் அடுக்கியவளுக்கு எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

ஊசி ஆறு மாதத்துக்கு மேல் போட்டார்கள். உட்கார இடம் இல்லாமல் இடுப்பெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. மாத்திரை இரண்டு வருஷம். நடுவில் காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி சத்தம் வந்தது. சொல்லாமல் இருந்தேன், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று இந்தத் தடவை பயம். கடைசியில் சொன்னபோது ஊசியை மாற்றினார்கள். ஆனால் இடது காது போனது போனதுதான். கட்டிங் மெஷின் சத்தத்தில் போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன், உனக்கும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் என்னைச் செவிடு என்றதற்கு அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாயே, அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். மெஷின் மேல் தப்பே இல்லை. இப்போது அந்த முரட்டு ரகத்துக்கும் ஊசி வேண்டாம், மாத்திரையே போதும், காலமும் குறைந்துவிட்டது என்கிறார்கள். கேட்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு. கைக்கு எளிதாக வந்த நோயை முரடாக்கிவிட்டு, அதற்கு நல்ல மருந்து இருக்கிறது என்று தைரியம் சொல்லிக்கொள்ளலாமா?

ஷூ டப்பாவைப் பார்த்த அன்றே இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. யாரிடம் முதலில் பொய் சொன்னேனோ அங்கே போய்ச் சொல்லாமல் இது வராது என்று தோன்றியது. பிலோமினா வீட்டுக்குப் போனேன். அவள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிலோ, அப்போ பஸ்ல வாந்தி எடுத்தேனே, அது கொழந்தை இல்லடி. டிபி மாத்திரை."

அவள் கை நின்றது. "இன்னாது?"

"கொழந்தையே இல்ல."

"அடிப்பாவி! ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எங்க வூட்டு ஆளுங்களுக்கு ஏத்தும்போது உன் கொழந்தைக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு இருக்கேன்டி! இருவது வருசமா!"

இருமல் திரும்பி வந்த நாட்களில், முரட்டுக் கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு, நான் தினமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன் என்பதையும் சொன்னேன். கடவுள் புண்ணியத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு மீனை நறுக்கினாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்புறம், "மாங்கா தின்னியேடி, வெக்கமில்லாம" என்றாள்.

"நல்லா இருந்துச்சி. தின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா பக்கத்துல ஒக்காந்திருப்பியா?"

பிலோமினா பொய் சொல்லத் தெரியாதவள். "ஒக்காந்திருக்க மாட்டேன்" என்றாள். "ரெண்டு சீட்டு தள்ளித்தான் ஒக்காந்திருப்பேன். ஆனா அங்கேர்ந்து தினம் கேட்டிருப்பேன், மாத்திர போட்டியாடின்னு."

அதைக் கேட்ட பிறகுதான், கண்ணு, எனக்கு எழுத வந்தது. மறைத்தால் எல்லாரும் பக்கத்தில் உட்காருவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்கள்தான். ஆனால் மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒருத்தியும் இல்லாமல் போனாள். நீயும் இப்போது அதையே செய்கிறாய்.

உன் பேரைச் சொல்லாமல் சுகாதார நிலையத்துக்குப் போய் சிஸ்டரிடம் கேட்டேன், ஒருத்தர் பதினொரு நாளுக்கு மேல் மாத்திரையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று. "ஒருத்தர்னா உங்க புள்ளதானே?" என்றார். அவருக்குத் தெரியாதா! "திட்ட மாட்டோம்மா. சளிய திரும்பப் பாக்கணும், டாக்டர் சொல்ற மாதிரி தொடரணும். வெளிநாட்டு வேலையப் பத்தியும் மறைக்காம டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க, என்ன வழின்னு பாக்கலாம். ஆனா அவரு வரணும்" என்றார். கம்பெனியில் சேருகிற நாளைத் தள்ளித் தருவார்களா என்று கேட்டுப் பார். தராமலும் போகலாம். வேலை போனால் போகிறது என்று நான் சுலபமாகச் சொல்ல மாட்டேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்த பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை கையை விட்டுப் போனால் உன்னோடு சேர்ந்து நானும் அழுவேன். ஆனால் வேலை இன்னொன்று வரும். காது வரவில்லை.

இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். கோபப்படாதே. உன் பேரும் போடவில்லை, என் பேரும் போடவில்லை. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு மட்டும் யார் என்று தெரியும். தெரியட்டும். இன்றைக்கும் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு சிரித்து மழுப்பிக்கொண்டிருப்பாள். அவளும் படிக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்கு வந்ததால் பாப்பாவுக்கு வராமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள் இல்லையா? நான்தான் கரைத்துக் கொடுக்கிறேன். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, நாலு வயதில் அந்த மாதிரிப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. முகத்தைச் சுளிப்பாள், உடம்பைக் குலுக்குவாள், ஆனால் ஒரு சொட்டு துப்ப மாட்டாள். அவள் அதற்கு அப்பா மாத்திரை என்று பேர் வைத்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு என் மடியில் ஏறி, வலது காதுப் பக்கம் வந்தாள். ஆயா என்றால் எல்லா ஆயாவிடமும் வலது பக்கம்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வந்து கேட்டாள், "ஆயா, அப்பாவும் இப்ப அங்க மாத்திர போட்டுட்டாரா?"

நான், "போட்டுட்டாரு கண்ணு" என்றேன்.

இருபது வருஷம் கழித்து மறுபடி ஒரு பொய். இதை ரொம்ப நாள் என்னால் காப்பாற்ற முடியாது, வயதாகிவிட்டது. பயிற்சி முடிந்து ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய். டப்பாவை நான் பரணிலிருந்து எடுத்து வாசல் ஸ்டூலில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை சுகாதார நிலையம் திறக்கும்போது அதே வராண்டா பெஞ்சில் நான் இருப்பேன். வந்து என் வலது பக்கம் உட்கார். இப்போது என் மூச்சு உன் மேல் படலாம், கிட்ட வராதே என்று கத்த மாட்டேன். பாப்பாவிடம் நான் சொன்னதை மட்டும் நீ நிஜமாக்கிவிடு.

உன் அம்மா